ஹெபடைடிஸ் சி குணமான பிறகும் கல்லீரல் புற்றுநோய் வருமா? மரபணுச் சோதனை முடிவை எப்படி எடுத்துக்கொள்வது?

வானம்பாடி:

அனைவருக்கும் வணக்கம். என் அப்பாவுக்கு வயது 61. ஹெபடைடிஸ் சி வைரஸ் அவர் உடலில் எத்தனை ஆண்டுகள் இருந்தது என்பது எங்களுக்குத் தெரியாது. கண்டுபிடித்தபோதே கல்லீரல் தழும்பேறிச் சுருங்கி, சிரோசிஸ் நிலைக்கு வந்துவிட்டிருந்தது. 12 வாரங்கள் மாத்திரை சாப்பிட்டார். அது முடிந்து மேலும் 12 வாரங்கள் கழித்து எடுத்த இரத்தச் சோதனையில் வைரஸ் இல்லை என்று வந்தது. இப்போது மூன்று ஆண்டுகள் ஆகின்றன. சிகிச்சைக்கு முன் ஃபைப்ரோஸ்கேனில் 17.2 கிலோபாஸ்கலாக இருந்த கல்லீரல் இறுக்கம் அண்மையில் 10.8-க்கு இறங்கியிருக்கிறது.

இதையெல்லாம் வைத்து அப்பா, "வைரஸும் இல்லை, இறுக்கமும் குறைந்துவிட்டது, இனி ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எதற்கு?" என்கிறார். புற்றுநோய் உண்டா என்று பார்க்கச் சென்ற முறை எடுக்க வேண்டிய அல்ட்ராசவுண்ட் ஸ்கேனுக்கு அவர் போகவே இல்லை. உறவினர் ஒருவர், அந்த மாத்திரைகளே புற்றுநோயை வரவழைக்கும் என்று சொல்லிவைத்திருப்பதால், மருத்துவமனை என்றாலே அவருக்கு ஒரு வெறுப்பும் வந்துவிட்டது.

இதற்கிடையில் மரபணுச் சோதனை ஒன்று செய்யப்பட்டது. பிஎன்பிஎல்ஏ3 என்ற மரபணுவில் 'ஜிஜி' என்றும், டிஎம்6எஸ்எஃப்2-இல் மாற்றம் இல்லை என்றும், ஹெச்எஸ்டி17பி13-இல் பாதுகாப்பு அளிக்கும் வடிவம் இல்லை என்றும் அறிக்கை சொல்கிறது. கீழே ஒரே வரியில் 'கல்லீரல் புற்றுநோய் அபாயம் கூடுதல்' என்று அச்சிட்டிருக்கிறார்கள். அந்த வரியைப் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. அப்பாவிடம் இன்னும் காட்டவில்லை.

அப்பாவுக்குப் புற்றுநோய் வந்தே தீரும் என்று இதற்குப் பொருளா? இறுக்கம் குறைந்திருப்பதால் ஸ்கேனை நிறுத்தலாமா, அல்லது இந்த முடிவால் அடிக்கடி எடுக்க வேண்டுமா? நானும் இந்தச் சோதனையைச் செய்துகொள்ள வேண்டுமா? அவருக்கு எட்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருக்கிறது, மதுப்பழக்கம் இல்லை. அண்மைய இரத்தச் சோதனையில் கல்லீரல் நொதிகளான ஏஎஸ்டி 48, ஏஎல்டி 36, தட்டணுக்கள் (பிளேட்லெட்) 1,10,000.


கல்லீரல் மருத்துவர்:

வணக்கம் அம்மா. முதலில் நேரடியான விடைகளைச் சொல்லிவிடுகிறேன். வந்தே தீரும் என்று பொருள் இல்லை. ஸ்கேனை நிறுத்தக் கூடாது. விட்டுப்போன ஸ்கேனை அடுத்த ஆறு மாதம் வரை தள்ளாமல் இந்த வாரமே எடுத்துவிடுங்கள். இதைச் சொல்வதற்கு எனக்கு அந்த மரபணு அறிக்கை தேவைப்படவில்லை என்பதையும் கவனியுங்கள். சிகிச்சைக்கு முன்பே சிரோசிஸ் இருந்தது என்ற ஒரு வரி போதும்.

மாத்திரை பற்றிய பயத்தைப் போக்கிவிடுவோம். 2016-ஆம் ஆண்டில் சில மருத்துவக் குழுக்கள், ஏற்கெனவே கல்லீரல் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவர்களிடம் இந்தப் புதிய மாத்திரைகளுக்குப் பின் நோய் எதிர்பாராத அளவில் திரும்புவதாக எழுதியது உண்மை. உங்கள் உறவினர் கேள்விப்பட்டது அதன் எதிரொலியாக இருக்கலாம். ஆனால் 2017-இல் அமெரிக்க முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் துறையின் பதிவுகளில் மாத்திரை எடுத்துக்கொண்ட 22,500 பேரை ஆராய்ந்தபோது, வைரஸ் நீங்கியவர்களிடம் புதிதாகப் புற்றுநோய் தோன்றும் வாய்ப்பு, நீங்காதவர்களைக் காட்டிலும் 70 சதவீத அளவுக்குக் குறைந்திருந்தது. ஊசி மருந்தான இண்டர்ஃபெரானால் நீங்கினாலும், மாத்திரையால் நீங்கினாலும் இந்தப் பயன் ஏறத்தாழ ஒன்றே என்பது பிறகு வந்த ஆய்வுகளில் தெளிவானது. அப்பா எடுத்துக்கொண்ட மாத்திரை அவருக்கு நன்மையே செய்திருக்கிறது.

எனினும் 70 சதவீதம் குறைந்தது என்றால் மீதி இருக்கிறது என்றுதானே பொருள். அதே ஆய்வில், சிரோசிஸ் இருந்து வைரஸ் நீங்கியவர்களில் ஆண்டுக்கு நூற்றுக்கு 1.8 பேர் என்ற விகிதத்தில் புற்றுநோய் தோன்றியது. சிரோசிஸ் இல்லாமல் வைரஸ் நீங்கியவர்களிடம் அது 0.34 மட்டுமே. இந்த இரண்டு எண்களுக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பாருங்கள். ஐந்து மடங்குக்கும் மேல். அப்பாவின் அறிக்கையில் உள்ள எந்த மரபணுவும் தனியாக இந்த அளவுக்கு வித்தியாசம் செய்வதாகத் தெரியவில்லை.

வைரஸ் போன பின்னும் இது ஏன் என்று கேட்பீர்கள். ஹெபடைடிஸ் பி வைரஸைப் போல ஹெபடைடிஸ் சி நம் உயிரணுவின் கருவுக்குள் புகுந்து நம் டிஎன்ஏவோடு தன்னைப் பிணைத்துக்கொள்வதில்லை. அது கருவுக்கு வெளியே நின்று பெருகும் ஆர்என்ஏ வைரஸ். அதனால்தான் அதை அடியோடு நீக்க முடிகிறது. ஆனால் அது இருந்த இருபது முப்பது ஆண்டுகளில் கல்லீரல் அணுக்கள் செத்துச் செத்துப் பிழைத்திருக்கின்றன. ஒவ்வொரு முறை அணு பிரியும்போதும் டிஎன்ஏவைப் படியெடுப்பதில் பிழைகள் சேர்கின்றன. தழும்புத் திசு அந்த அணுக்களைச் சிறு சிறு முடிச்சுகளாகச் சூழ்ந்து இறுக்குகிறது. எந்த மரபணு விழித்திருக்க வேண்டும், எது உறங்க வேண்டும் என்று தீர்மானிக்கும் வேதிக் குறிகளில் வைரஸ் ஏற்படுத்திய மாற்றங்கள் சில, வைரஸ் நீங்கிய பின்னும் அழியாமல் நிற்பதை 2019-இல் வெளியான ஆய்வுகள் காட்டின.

இறுக்கம் 17.2-லிருந்து 10.8-க்கு இறங்கியது மகிழ்ச்சிக்குரியதுதான். ஆனால் ஃபைப்ரோஸ்கேன் தழும்பை மட்டும் அளப்பதில்லை. அழற்சியால் ஏற்படும் வீக்கத்தையும் சேர்த்தே அளக்கிறது. வைரஸ் போனதும் வீக்கம் விரைவாக வடிந்துவிடும், தழும்பு அவ்வளவு வேகமாகக் கரையாது. எனவே சிரோசிஸின் எல்லையாகக் கொள்ளப்படும் 12.5-க்குக் கீழே வந்துவிட்டது என்பதால் சிரோசிஸ் போய்விட்டதாக நாங்கள் எடுத்துக்கொள்வதில்லை. உங்கள் எண்களை வைத்தே ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். ஃபிப்-4 என்று ஒரு குறியீடு உண்டு: வயதை ஏஎஸ்டியால் பெருக்கி, அதைத் தட்டணு எண்ணிக்கையின் ஆயிரங்களாலும் ஏஎல்டியின் வர்க்கமூலத்தாலும் வகுக்க வேண்டும். 61-ஐ 48-ஆல் பெருக்கினால் 2928. ஏஎல்டி 36-இன் வர்க்கமூலம் 6. அதைத் தட்டணுவின் 110-ஆல் பெருக்கினால் 660. வகுத்தால் 4.4 வருகிறது. 3.25-ஐத் தாண்டினாலே தழும்பு முற்றியிருக்கக்கூடும் என்று கருதுவோம். ஆக, மூன்று ஆண்டுகளுக்குப் பின்னும் குறைவாகவே இருக்கும் அப்பாவின் தட்டணுக்கள், தழும்பு இன்னும் இருக்கிறது என்ற கதையைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கின்றன.

சர்க்கரை நோயையும் இதில் சேர்த்துப் பார்க்க வேண்டும். வைரஸ் நீங்கியவர்களிடம் புற்றுநோய் வாய்ப்பைக் கூட்டும் காரணங்களில் வயதும் சர்க்கரை நோயும் திரும்பத் திரும்பத் தென்படுகின்றன. வயதை மாற்ற முடியாது, மரபணுவையும் மாற்ற முடியாது. சர்க்கரையையும் உடல் எடையையும் கட்டுக்குள் வைக்க முடியும். மது இல்லை என்பது பெரிய ஆறுதல்.


மரபியல் ஆய்வாளர்:

மருத்துவர் ஐயா சொன்னதோடு முழுவதும் உடன்படுகிறேன். அந்த 'ஜிஜி' என்ற இரண்டு எழுத்துகளை மட்டும் விரித்துச் சொல்லலாம் என்று எழுதுகிறேன்; தூக்கம் போவது பெரும்பாலும் அந்த எழுத்துகள் விளங்காததால்தான்.

மரபணு மாற்றம் என்ற ஒரே சொல்லை நாம் இரண்டு வேறு பொருள்களுக்கு வழங்குகிறோம். ஒன்று, பெற்றோரிடமிருந்து வந்து உடலின் எல்லா அணுக்களிலும் பிறவியிலேயே இருக்கும் வேறுபாடு. மற்றொன்று, வாழ்நாளில் ஏதோ ஓர் அணுவில் நேர்ந்து, அதன் வழி வந்த அணுக்களில் மட்டும் இருக்கும் பிழை. கல்லீரல் புற்றுநோய்க் கட்டிகளில் மிகுதியாகக் காணப்படும் டெர்ட் மரபணுவின் தூண்டுபகுதி மாற்றம் இரண்டாவது வகை. அப்பாவின் அறிக்கையில் இருப்பது முதல் வகை. புற்றுநோய்க்கான விதை ஒன்று கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது என்று அதைப் படிக்கக் கூடாது. அவர் பிறந்த நாளிலிருந்து அது அவரோடு இருக்கிறது.

பிஎன்பிஎல்ஏ3 மரபணு 22-ஆம் குரோமோசோமில் உள்ளது. அது உருவாக்கும் புரதம் கல்லீரல் அணுக்களுக்குள் உள்ள கொழுப்புத் துளிகளின் மேல் அமர்ந்திருக்கும். அந்தப் புரதத்தின் 148-ஆம் இடத்தில் ஐசோலூசின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதிலாக மெத்தியோனின் வந்துவிட்டால், வேலை முடிந்ததும் அகற்றப்பட வேண்டிய புரதம் அகற்றப்படாமல் துளியின் மேலேயே தேங்கிப்போகிறது. கொழுப்பைச் சிதைக்கும் வேறொரு நொதிக்கு வழிவிடாமல் மறிக்கிறது. கொழுப்பு கரையாமல் தங்குகிறது. இந்த மாற்றமுள்ள பிரதியைத்தான் 'ஜி' என்கிறோம்; தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்த இரண்டு பிரதிகளும் அப்படி இருந்தால் 'ஜிஜி'. 2008-இல் இதைக் கண்டறிந்த அமெரிக்க ஆய்வில், இந்த மாற்றமுள்ள பிரதி ஹிஸ்பானிய இனத்தவரிடம் 49 சதவீதமும், ஐரோப்பிய வழியினரிடம் 23 சதவீதமும், ஆப்பிரிக்க வழியினரிடம் 17 சதவீதமும் காணப்பட்டது. இது அபூர்வமான ஒன்று அல்ல என்பதற்காகவே இந்த எண்களைச் சொல்கிறேன். இதைச் சுமக்கும் கோடிக்கணக்கான மக்களில் மிகப் பெரும்பாலோருக்குக் கல்லீரல் புற்றுநோய் வருவதே இல்லை.

இப்போது 'அபாயம் கூடுதல்' என்ற வரிக்கு வருகிறேன். எதைவிடக் கூடுதல், எவ்வளவு கூடுதல் என்று சொல்லாத அறிக்கை அரைகுறை அறிக்கை. ஒரு பேச்சுக்கு, இந்த மாற்றத்தால் வாய்ப்பு ஒன்றரை மடங்கு ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். மருத்துவர் சொன்ன ஆண்டுக்கு 1.8 சதவீதம் அப்போது 2.7 ஆகும். ஐந்து ஆண்டுகளுக்குக் கணக்கிட்டால், நூறு பேரில் ஏறத்தாழ 9 பேர் என்பது 13 பேர் ஆகும். புறக்கணிக்கத்தக்க வேறுபாடு அல்லதான்; ஆனாலும் மீதி 87 பேருக்கு அந்த ஐந்து ஆண்டுகளில் புற்றுநோய் வரவில்லை என்பதையும் அதே கணக்கு சொல்கிறது.

இதில் பலரும் கவனிக்காத நுட்பம் ஒன்று உண்டு. இந்த மரபு வேறுபாடு புற்றுநோய் வாய்ப்பைக் கூட்டும் வழிகளுள் முக்கியமானது, தழும்பை விரைவாக முற்றச் செய்வதே. அப்பாவுக்குத் தழும்பு முற்றிவிட்டது என்பது நமக்கு முன்பே தெரியும். எனவே மரபணு சொல்ல வந்த செய்தியில் ஒரு பகுதியைக் கல்லீரலின் நிலையே ஏற்கெனவே சொல்லிவிட்டது. இரண்டையும் தனித்தனியாகக் கூட்டினால் ஒரே கடனை இருமுறை எழுதிய கதையாகிவிடும். தவிர, பிஎன்பிஎல்ஏ3-இன் தாக்கம் மதுவாலும் கொழுப்பாலும் கெட்ட கல்லீரலில் வலுவாகவும், ஹெபடைடிஸ் சி-யால் கெட்ட கல்லீரலில் அதைவிட மங்கலாகவும் தெரிகிறது. சர்க்கரை நோய் உள்ளவர் என்பதால் கொழுப்பின் பங்கு அப்பாவிடம் எவ்வளவு என்று பார்ப்பது பொருத்தமாக இருக்கும்.

வைரஸ் நீங்கியவர்களை மட்டுமே எடுத்துக்கொண்டு முழு மரபணுத் தொகுதியையும் அலசிய ஜப்பானிய ஆய்வு ஒன்று 2017-இல் வந்தது. இண்டர்ஃபெரானால் குணமானவர்களிடம், 4-ஆம் குரோமோசோமில் உள்ள டிஎல்எல்1 என்ற மரபணுவின் ஒரு வேறுபாடு பின்னாளைய புற்றுநோயோடு தொடர்புடையதாகத் தெரிந்தது. தழும்பின் மூலப்பொருளான கொலாஜனைப் பதப்படுத்தும் நொதிகளின் குடும்பத்தைச் சேர்ந்தது அது; ஆகவே காரணமும் பொருந்தி வந்தது. ஆனால் ஜப்பானுக்கு வெளியே தேடியபோது அதே தொடர்பு எல்லா இடத்திலும் கிடைக்கவில்லை. ஒரு மக்கள் கூட்டத்தில் கிடைத்த மரபணு முடிவை மற்றொரு கூட்டத்தின் மேல் அப்படியே ஏற்றக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. பிஎன்பிஎல்ஏ3, டிஎம்6எஸ்எஃப்2, ஜிசிகேஆர், எம்பிஓஏடி7 போன்ற மரபணுக்களை ஒன்றுசேர்த்து ஒரே மதிப்பெண்ணாக்கும் முயற்சிகளும் நடந்துகொண்டிருக்கின்றன. தழும்பு நடுநிலையில் உள்ளவர்களில் யாருக்கு ஸ்கேன் தேவை, யாருக்குத் தேவையில்லை என்று பிரிப்பதற்கு அவை நாளை உதவக்கூடும். சிரோசிஸ் உள்ள ஒருவரிடம், மதிப்பெண் குறைவாக வந்தாலும் ஸ்கேனை நிறுத்தச் சொல்லும் தகுதி அவற்றுக்கு இன்று இல்லை.


நலம்பெற்றவன்:

என் அனுபவம் உங்கள் அப்பாவுக்கு உதவுமானால் அதைவிட எனக்கு வேறென்ன வேண்டும். எனக்கும் சிரோசிஸ் இருந்தது, எனக்கும் வைரஸ் போய்விட்டது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வெறும் வயிற்றோடு சென்று படுத்து, குளிர்ந்த ஜெல்லைத் தடவியதும் மூச்சை இழுத்துப் பிடித்து, விடச் சொன்னதும் விட்டு, பத்து நிமிடத்தில் எழுந்து வந்துவிடுவேன். ஏழாவது முறை அந்தப் பத்து நிமிடம் நீண்டது. வலது பக்கம் விலாவுக்குக் கீழே ஒரே இடத்தில் கருவியை வைத்துக்கொண்டு, "இன்னொரு தடவை மூச்சை இழுங்கள்" என்று நான்கைந்து முறை சொன்னார்கள். அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது.

16 மில்லிமீட்டர். எந்த வலியும் இல்லை, பசி குறையவில்லை, எடை குறையவில்லை. கல்லீரல் புற்றுநோயில் இரத்தத்தில் கூடக்கூடிய ஏஎஃப்பி என்ற புரதத்தின் அளவுகூட இயல்பாகவே இருந்தது. எம்ஆர்ஐ எடுத்து உறுதிசெய்த பின், ஊசி போன்ற மின்முனையை உள்ளே செலுத்திக் கட்டியைச் சுட்டு அழித்தார்கள். ஒரு வாரத்தில் நடமாடத் தொடங்கினேன். பின்னர் என் மருத்துவர் மரபணுக்களையும் பரிசோதித்துப் பார்த்தார். பிஎன்பிஎல்ஏ3-இல் எனக்கு எந்த மாற்றமும் இல்லை. அந்தத் தாள் முதலில் என் கைக்கு வந்திருந்தால், நல்ல செய்திதான் என்று நம்பி ஏழாவது ஸ்கேனுக்குப் போகாமல் இருந்திருப்பேனோ என்று நினைக்கும்போது இப்போதும் உடல் பதறுகிறது.


வானம்பாடி:

மூவருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. கடைசிப் பதிலை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் ஒன்றும் பேசவில்லை, இரவு தூங்கப் போகும் முன், "எப்போது போகலாம்?" என்று மட்டும் கேட்டார். நாளை மறுநாள் அழைத்துச் செல்கிறேன்.

இரண்டு ஐயங்கள் மீதி இருக்கின்றன. 'ஜிஜி' என்பதால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுப்பது கூடுதல் பாதுகாப்பாக இருக்காதா? என்னுடைய சோதனை பற்றியும் சொல்லுங்கள்.


கல்லீரல் மருத்துவர்:

மூன்று மாதம் என்று உங்களுக்குத் தோன்றுவது இயல்பே. அதே கேள்வியை எடுத்துக்கொண்டு, சிரோசிஸ் உள்ள 1,200-க்கும் மேற்பட்டவர்களை இரு பிரிவாக்கி மூன்று மாதத்துக்கும் ஆறு மாதத்துக்கும் ஒப்பிட்ட பிரெஞ்சு ஆய்வு 2011-இல் வெளியானது. மூன்று மாதப் பிரிவில் புற்றுநோயல்லாத சிறு புள்ளிகள் கூடுதலாகக் கண்ணில் பட்டனவே தவிர, புற்றுநோயை முன்கூட்டியே பிடிப்பதிலோ உயிரைக் காப்பதிலோ மேன்மை தெரியவில்லை. மாறாக, ஸ்கேனின் தரத்தைக் கவனியுங்கள். அல்ட்ராசவுண்ட் தனியாகத் தொடக்கநிலைக் கட்டிகளில் ஏறத்தாழ பாதியைத்தான் பிடிக்கிறது. ஏஎஃப்பி இரத்தச் சோதனையைச் சேர்த்தால் அது 63 சதவீதம் ஆகிறது. ஆகவே இரண்டையும் ஒரே நாளில் செய்யச் சொல்லுங்கள். கல்லீரல் முழுவதும் தெளிவாகத் தெரிந்ததா, வாயுவாலோ கொழுப்பாலோ மறைந்த பகுதி உண்டா என்று அறிக்கையில் எழுதச் சொல்லிக் கேளுங்கள். தெளிவாகத் தெரியவில்லை என்றால், எண்ணிக்கையைக் கூட்டுவதைவிட எம்ஆர்ஐக்கு மாறுவது பயன் தரும். 10 மில்லிமீட்டருக்குக் குறைவான புள்ளி தென்பட்டால் மட்டும் மூன்று மாதத்தில் மறுபடியும் பார்ப்போம். 10-ஐத் தாண்டினால் உடனே சிடி அல்லது எம்ஆர்ஐ.

உங்களுக்கு மரபணுச் சோதனை தேவையில்லை. அப்பாவின் இரண்டு பிரதிகளும் 'ஜி' என்பதால் உங்களுக்கு ஒரு 'ஜி' கட்டாயம் வந்திருக்கும். காசு செலவழித்து அறிய வேண்டிய செய்தி அல்ல அது. வைரஸும், கொழுப்பும், மதுவும் இல்லாத கல்லீரலில் அந்த ஒரு பிரதி தானாகப் பெரிதாக எதையும் செய்துவிடாது. நீங்கள் செய்துகொள்ள வேண்டியது ஹெபடைடிஸ் சி-க்கான எளிய இரத்தச் சோதனை. எடையையும் சர்க்கரையையும் இளமையிலிருந்தே கவனித்து வாருங்கள்.

அப்பாவுக்கு மற்றொன்றும் சொல்லிவையுங்கள்: எதிர்ப்பொருள் சோதனை பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் நேர்மறையாகவே வரும். அதைப் பார்த்து யாராவது வைரஸ் திரும்பிவிட்டது என்று சொன்னால் பதற வேண்டாம்; ஆர்என்ஏ சோதனைதான் முடிவு சொல்லும். அதே சமயம் அந்த எதிர்ப்பொருள் அவரை மீண்டும் தொற்றிலிருந்து காக்காது.


வானம்பாடி:

இன்று ஸ்கேன் முடிந்தது. கட்டி எதுவும் இல்லை. ஏஎஃப்பி 4. இடது பக்கத்தின் ஒரு பகுதி வாயுவால் சரியாகத் தெரியவில்லை என்று அறிக்கையில் எழுதியிருக்கிறார்கள். நீங்கள் சொல்லியிராவிட்டால் அந்த வரியை நான் படித்திருக்கவே மாட்டேன். அதைக் காட்டியதும் மருத்துவர் எம்ஆர்ஐக்கு எழுதிக்கொடுத்திருக்கிறார், அடுத்த வாரம் எடுக்கிறோம். மரபணு அறிக்கையையும் இன்று அப்பாவிடம் கொடுத்துவிட்டேன். முழுவதும் படித்துவிட்டு, தட்டணு எண்ணிக்கை ஏன் ஒரு லட்சத்துப் பத்தாயிரத்திலேயே நிற்கிறது என்று கேட்டார்; அதிலிருந்து தொடங்கி அவருக்கு நான் விளக்கிக்கொண்டிருக்கிறேன்.